பல்லில் கவ்விய பறி

பழவேற்காடு ஏரியின் இடுப்பளவுத் தண்ணீரில் அஞ்சலை குனிந்து இறால் தடவுகிறாள். கைகள் இரண்டும் சேற்றில் துழாவ, பிடித்ததைப் போடும் பனையோலைப் பறி அவள் பற்களில் தொங்குகிறது. பறி வாயில் இருக்கும்வரை பேச முடியாது. தன் பறியை இடுப்பில் கட்டிக்கொண்டு பக்கத்தில் தடவும் நாத்தனார் வினோதினிக்கு அதுவே நிம்மதி. அவளுடைய சிறுகதைக்கு நேற்றுதான் போட்டியில் இரண்டாம் பரிசு அறிவித்தார்கள். அண்ணி அஞ்சலையின் மகன் போன வருஷம் காய்ச்சலில் இறந்தான்; அவனைத்தான், அண்ணியிடம் கேட்காமலே, எழுதியிருந்தாள். அந்தச் சாவை எழுதிய விதம் அபாரம் என்றார்கள் நடுவர்கள். இப்போதுகூட, காலை வெயில் அண்ணியின் ஈரக் கழுத்தில் மினுங்குவதையும் பறியின் விளிம்பில் பல்தடம் பதிந்திருப்பதையும் பார்க்கையில், நாவலை இங்கிருந்தே தொடங்கலாம் என்று மனம் கணக்குப் போடுகிறது. சீ என்றிருக்கிறது அவளுக்கு. விரலிடுக்கில் ஓர் இறால் துள்ளி நழுவுகிறது. அஞ்சலை நிமிர்ந்து பறியைக் கையில் எடுக்கிறாள். “உங்கண்ணன் சொல்லிச்சு வினோ. எம்புள்ளயத்தான் கதையா எழுதிக்கீறியாமே?” உதட்டோரம் ஓலை கீறிய கோடு சிவந்திருக்கிறது. “அதுலயாவது பொழச்சிக்கினானா?” வினோதினி சேற்றுக்குள் இன்னும் ஆழமாகக் கையை விடுகிறாள். “பொழச்சிக்கினான் அண்ணி.” அஞ்சலை பழைய தடத்திலேயே பறியைக் கவ்விக்கொள்கிறாள். வாய் அடைத்திருப்பதால் அவள் கண்கள் மட்டும் சிரிக்கின்றன.