மேற்கே ஒரு வெளி

டிஷ் மேற்கே திரும்பிக்கொண்டிருந்தது.

மோட்டார் முனகியது. அவர் ரிமோட்டை ஓங்கிப் பிடித்திருந்தார், ஏதோ அவர்தான் வானத்தையே திருப்புகிறார் என்பதுபோல.

நின்றது.

தண்ணீர்த் தொட்டி நிழலில் வைத்திருந்த சின்ன டிவியில் சாம்பல் நிறம். சிக்னல் இல்லை.

நடுவானத்துச் சேனல்கள் எல்லாம் வந்தன. கிழக்கிலும் மேற்கிலும் ஓரத்துக்குப் போகப் போகக் கழன்றுவிட்டன. மேற்கு ஓரத்துச் செயற்கைக்கோளில்தான் ஆப்பிரிக்கா இருந்தது. ஆப்பிரிக்காவில் அவருக்கு யாரும் இல்லை. ஆனால் குடியிருப்போர் சங்கத் தலைவர் என்ற முறையில், ஆப்பிரிக்கா வரை பிடிப்பேன் என்று தெரு முழுக்கச் சொல்லியிருந்தார்.

"வந்துதா?" கீழிருந்து மரகதம் கேட்டாள்.

அவர் ரிமோட்டை இறக்கினார்.

மேற்கே பார்த்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் வெறும் வானம்.

காலையில் அங்கே, டிஷ்ஷுக்கு நேர் எதிரே, ஒரு முருங்கை மரம் நின்றது.

மரத்துக்காரி, பக்கத்து வீட்டு செலின் டீச்சர், கோயிலுக்குப் போயிருந்தார். மரகதம் மீன் வாங்கப் போயிருந்தாள். அவர் மதில்மேல் ஏறி நின்றார், கையில் ரம்பம்.

போன மாதம் சங்கத்தின் பசுமை விழாவில், மரம் நமக்கு மூத்த சகோதரன் என்று மைக் சூடாகும்வரை பேசியவர். மூத்த சகோதரன் பத்து இழுப்புக்குக்கூடத் தாங்கவில்லை. முருங்கை அப்படித்தான். டீச்சர் வீட்டுப் பக்கமே சாய்ந்து, பூவும் பிஞ்சும் காயுமாகக் கிடந்தது.

டீச்சர் திரும்பி வந்து, பைபிளும் கையுமாக முற்றத்தில் நின்றபோது, இவர் மதிலருகே போய் நின்றார். வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொண்டார்.

"ஆடிக்காத்து, டீச்சர். முருங்கை சும்மாவே ஒடியும்."

டீச்சரும் வானத்தைப் பார்த்தார்.

இப்போது மரமும் இல்லை. ஆப்பிரிக்காவும் இல்லை.

ரசமட்டத்தை எடுத்துக் கம்பத்தில் வைத்தார். கம்பம் நேர்தான். குமிழி நடுவில் நின்று அவரைப் பார்த்தது. குறை கம்பத்தில் இல்லை.

தொட்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின்மேல் திசைகாட்டி கிடந்தது. தெற்கு பார்த்து டிஷ்ஷைப் பூட்டியது அதை வைத்துத்தான். மாடியில் மட்டமான இடம் அது ஒன்றுதான் என்று அங்கே வைத்திருந்தார்.

எடுத்தார். கைப்பிடிச் சுவர் பக்கம் நடந்தார்.

முள் நகர்ந்தது.

திரும்பித் தொட்டியருகே வந்தார். முள்ளும் அவரோடு திரும்பி வந்தது, இரும்பைப் பார்க்க.

அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த முள் காட்டியது தெற்கு இல்லை. தொட்டியைத்தான் காட்டியிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். நடு மாடியில் நின்று, இரும்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொண்டு, தெற்கைப் புதிதாகக் கண்டுபிடித்தார். கம்பத்து நட்டைத் தளர்த்தி, மோட்டாரோடு டிஷ்ஷை ஒரு பிடி நகர்த்தினார். அவ்வளவுதான். ஒரு பிடி.

பொத்தானை அழுத்தினார்.

டிஷ் மேற்கே போனது. மரம் நின்ற பக்கமே அது போகவில்லை. நன்றாக விலகி, அவருடைய தோட்டத்துக் காலியிடத்தின்மேல் போய் நின்றது.

ஆப்பிரிக்கா வந்தது. பளிச்சென்று வந்தது. தலையில் மஞ்சள் துணி கட்டிய ஒரு பெண், புரியாத மொழியில், அவரை நேராகப் பார்த்து ஏதோ கேட்டாள்.

அவர் டிவியை அணைத்தார்.

"என்னங்க, டீச்சர் வந்திருக்காங்க."

கீழே போனார். வாசலில் டீச்சர். மரகதத்தின் கையில் ஏற்கெனவே ஒரு கட்டு முருங்கைக்காய் ஏறியிருந்தது. தெருவில் எல்லார் வீட்டுக்கும் கொடுத்தாயிற்றாம். இதுதான் கடைசிக் கட்டு.

டீச்சரிடம் இன்னொன்றும் இருந்தது. முழங்கை கனத்தில் ஒரு முருங்கைப் போத்து. நடுவதற்கென்று இலையெல்லாம் கழித்து வைத்த துண்டு.

அதை நீட்டினார். அறுபட்ட முனை இவர் பக்கம் இருந்தது.

"ஆடிக்காத்து ஒடிச்சா சிம்பு சிம்பால்லா இருக்கும், தலைவரே. இது பாருங்க, எவ்வளவு சீரா அறுத்திருக்கு. இப்படி இருந்தாத்தான் சீக்கிரம் துளுக்கும். உங்க தோட்டத்துல நட்டு வைங்க."

டீச்சர் சிரித்தாரா என்று தெரியவில்லை. இவர் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. போத்தை வாங்கிக்கொண்டார். கனத்தது.

மத்தியானம் சாம்பாரில் அந்தக் காய்தான். மரகதம் இரண்டாம் முறையும் போட்டாள். அவர் அதையும் சாப்பிட்டார்.

வெயில் தாழ்ந்ததும் தோட்டத்துக்கு வந்தார். ஒரு கையில் கடப்பாரை, மறு கையில் போத்து. சட்டைப்பையில் திசைகாட்டி.

கடப்பாரையைத் தூரமாகப் போட்டார். கைக்கடிகாரத்தையும் கழற்றி அதன்மேல் வைத்தார். பிறகு திசைகாட்டியை உள்ளங்கையில் வைத்துப் பொறுமையாகக் காத்திருந்தார்.

முள் அடங்கியது.

மாடியை அண்ணாந்து பார்த்தார். டிஷ் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறதோ அந்தப் பக்கமாக, முகர்ந்துகொண்டு போவதுபோல, நடந்தார். ஓரிடத்தில் நின்று மறுபடி சரிபார்த்தார்.

அங்கே குழி தோண்டினார்.

சமையலறை ஜன்னலில் மரகதம்.

"அங்கயா? வளர்ந்தா உங்க ஆப்பிரிக்காவ மறைச்சுடுமே!"

மதிலுக்கு அந்தப் பக்கம் டீச்சர் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தார். துடைப்பச் சத்தம் நின்றது.

அவர் போத்தை நட்டார். ரசமட்டம் வைக்காமலே நேராக நின்றது. சுற்றிலும் மண்ணை மிதித்து இறுக்கினார். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார்.

துடைப்பச் சத்தம் மறுபடி தொடங்கியது.