தலையிடாத பார்வையாளர்

விளக்கை அணைத்ததும் களிமண் நத்தை திரையில் கண் திறந்தது.

பட்டறைப் பிள்ளைகள் வருஷம் முழுக்க எடுத்த படம். நத்தையை நூலளவு நகர்த்துவார்கள், ஒரு படம் பிடிப்பார்கள். மறுபடி நூலளவு, மறுபடி ஒரு படம். ஒரு மாத உழைப்பு, திரையில் ஒரு கொட்டாவி விடும் நேரம்.

இப்படிச் செய்து பார்க்கும்போது பிள்ளைகள் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதுதான் ஆய்வாளனின் ஆராய்ச்சி. முறை எளிது. சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும். வாயும் கையும் சும்மா இருக்க வேண்டும். 'ஆய்வாளர் எங்கும் தலையிடவில்லை' என்று ஆய்வேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருந்தான்.

பிள்ளைகள் வைத்த பேர், நாற்காலி அண்ணன். நாற்காலிக்கும் அவனுக்கும் ஒரே வித்தியாசம், நாற்காலி டீ குடிக்காது.

நாளைக்கு அந்த ஏட்டில் கையெழுத்துப் போட வேண்டிய பேராசிரியர் முன்வரிசையில் இருந்தார்.

நத்தை புத்தக அடுக்கில் ஏறத் தொடங்கியது. படத்தில் அதற்குப் பின்னால், சுவரோரம், மங்கலாக அவன்.

"அண்ணா, நீங்களும் நடிச்சிருக்கீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும்தான்.

நத்தை ஏற ஏற, நாற்காலி முன்னால் வந்தது. சட்டைகள் படபடவென்று மாறின. முடி வளர்ந்தது, குறைந்தது, மறுபடி வளர்ந்தது. நாற்காலியை நகர்த்தியதாக அவனுக்கு நினைவே இல்லை.

பிறகு நாற்காலி காலி.

உச்சிப் புத்தகத்தில் நத்தை சரியப் போனது. அதன் வயிற்றைத் தாங்கி ஒரு விரல். தடித்த, முடி முளைத்த விரல்.

கண் இமைக்கும் நேரம்தான். ஆனால் பேராசிரியர் இமைக்கிற ஆள் இல்லை.

"யாரோட விரல்ப்பா அது?"

"என்னோடது சார்," என்றாள் இருப்பதிலேயே சின்னவள், பட்டென்று.

களிமண்ணின் குளிர்ச்சி அவனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அதில்தான் அவனுக்கு ஒரு வருஷப் பயிற்சி.

திரையில் நத்தையின் ஓடு மெல்லப் பிளந்தது. உள்ளேயிருந்து காகிதச் சிறகுகள் விரிந்தன, விரிந்துகொண்டே போயின, திரை முழுக்க.

அந்த யோசனை யாருக்கு, எப்போது, எப்படி வந்தது? அத்தனை மாதம் பக்கத்திலேயே இருந்தவனுக்குத் தெரியவில்லை. மயிர்க்கூச்செறிந்தது.

"இல்ல சார். அது என் விரல்."

பேராசிரியர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிளந்திருந்த வாயை, "உஸ்" என்று சொல்வதற்காக மட்டும் ஒரு தரம் மூடினார்.