ஞாயிற்றுக்கிழமை மழை

"மழை அதே மழைதான்லா மிஸ். வருஷ மொத்தத்தப் பாருங்க, ஒரு சொட்டு குறையல. பின்ன எதுக்கு நமக்குக் கொளம்?"

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ரவிச்சந்திரன் குடித்துக்கொண்டிருந்த கோப்பியைத் தள்ளி வைத்துவிட்டு, தினசரி மழையளவு குறித்த மழைப் புத்தகங்களை மேசைமேல் தட்டி அடுக்கினார். கோலா சாவாவுக்கு உள்ளே இருக்கும் செம்பனைத் தோட்டம் அது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் இருக்கும் குளத்தை மூடி அதிலும் செம்பனை நட்டுவிடலாம் என்பது கிராணியின் யோசனை. ராசா டவுனிலிருந்து காரில் வந்து காரில் போகிறவர். ஏழு வருடத்தில் ஒருநாளும் லயத்துப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

முடிவு சொல்லத் தலைமையகத்திலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். பெரியவர் தர்மேந்திரன். மற்றவள் ஷாமினி. மண்ணும் நீரும் படித்தவள். சபா மாநிலத்தில் வேலை பார்த்துவிட்டுப் போன மாதம்தான் இந்தப் பக்கம் மாற்றலாகி வந்தவள்.

"எவ்வளவு பெய்யுதுன்னு பாக்காதீங்க, எப்படிப் பெய்யுதுன்னு பாருங்க," என்றாள் ஷாமினி. "முன்னெல்லாம் சேந்தாப்புல பத்து நாள் காஞ்சாலே பெரிய விஷயம். போன வருஷம் முப்பத்தெட்டு நாள் காஞ்சிச்சு. அப்புறம் ஒரே சாயங்காலத்துல நூத்தி நாப்பது மில்லிமீட்டர் கொட்டுச்சு. மொத்தத்துல ரெண்டும் சரியாப் போச்சு. செம்பனைக் கன்னுக்குச் சரியாப் போச்சா? கொட்டுறப்போ பிடிச்சு வைக்க இருக்கிறது அந்தக் கொளம் ஒண்ணுதான். அதையும் மூடிட்டா நர்சரிக்கு எதை ஊத்துவீங்க? குழாய் நின்னா லயத்துல நாப்பது குடும்பம் எதை மொண்டு குளிக்கும்? உங்க கோப்பியையா?"

தர்மேந்திரன் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

ஆபீஸ் கூட்டுகிற செல்லம் தேநீர் கொண்டு வந்தார். ஷாமினி எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"உக்காருங்க மிஸ்," என்று கிராணி சிரித்தார். "கூட்டுற ஆளுக்கே எந்திரிச்சு நின்னா, மேனேஜர் வந்தா கூரைமேலயா ஏறுவீங்க?"

ஷாமினி உட்காரவில்லை.

"அந்த முப்பத்தெட்டு நாளுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார் தர்மேந்திரன்.

"இந்தப் புக்குதான் சார். நானும் எத்தனையோ தோட்டத்து மழைப் புக்கு பாத்துட்டேன். எதுலயும் ஞாயித்துக்கிழமை மழையே பெய்யாது. திங்கக்கிழமை மட்டும் ரெண்டு பங்கு பெய்யும். கிராணிக்கு லீவுன்னா மேகத்துக்கும் லீவு. இங்க மட்டும்தான் இருபத்திரண்டு வருஷமா ஞாயித்துக்கிழமையும் பெய்யுது, தீபாவளிக்கும் பெய்யுது. தினம் காலையில எட்டு மணிக்கு ஒருத்தர் போய் அளந்திருக்காங்க."

"பரவாயில்லையே ரவி!"

கிராணி நெளிந்தார். பாராட்டா, குளமா என்று ஒரு நொடி யோசித்தார். "நான் எழுதல சார். முந்தின கிராணி காலத்துலேருந்து இந்தச் செல்லந்தான் எழுதுது. மூணாங்கிளாஸ் படிப்பு. இதை நம்பியா கம்பெனி முடிவெடுக்கும்?"

ஷாமினிக்கு முகம் சிவந்துவிட்டது.

"மூணாங்கிளாஸா? இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள் விட்டுப் போயிருந்தாக் காட்டுங்க. கொளத்தை மூட நானே கையெழுத்துப் போடுறேன்!"

வாசலில் மாப்போடு நின்ற செல்லம் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நீ சும்மா இரு," என்றார் கிராணி. விரலில் எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மூன்று புத்தகம் முடிந்தது. நாலாவதில் விரல் நின்றது.

"இந்தா! 2019, நவம்பர் ரெண்டு, சனிக்கிழமை. வெறும் கட்டம். பூஜ்யம்கூட இல்ல!"

ஷாமினி எட்டிப் பார்த்தாள். தேதியைப் பார்த்ததும் செல்லத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"பேனா இருக்கா மிஸ்? நான் தரட்டா?"

தர்மேந்திரன் வாசல் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அன்னிக்கு மட்டும் ஏன் எழுதல?"

"அன்னிக்கு நான் லீவு சார். இத்தனை வருஷத்துல அது ஒண்ணுதான். மொத நாளே அளவுக் குவளையக் கழுவிக் கிராணி ஐயா மேசையில வச்சேன். எட்டு மணிக்கு நீங்க பாத்து எழுதிருங்கய்யான்னு மூணு தடவ சொன்னேன். சரி சரின்னாரு."

தர்மேந்திரன் கிராணியைப் பார்த்தார். கிராணி புத்தகத்தைப் பார்த்தார்.

"அப்போ விட்டது அந்த அம்மா இல்ல." தர்மேந்திரன் மேசையில் விரித்திருந்த வரைபடத்தைச் சுருட்டினார். "கொளம் இருக்கட்டும் ரவி. புக்கு அட்டையில இவங்க பேரை எழுதுங்க. பெருசா எழுதுங்க." பிறகு சிரித்துக்கொண்டே கேட்டார். "ஆமா, அப்படி என்னம்மா அவசரம் அன்னிக்கு? யாருக்காச்சும் கல்யாணமா?"

செல்லம் மாப்பைச் சுவரில் சாய்த்தார். இருபத்திரண்டு வருடமாகத் துடைத்து மட்டுமே பழகிய நாற்காலி ஒன்றை இழுத்து, ஷாமினியின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"இவ பட்டம் வாங்குனா சார். நான் பெத்த புள்ள, நான் போய்ப் பாக்காம வேற யாரு பாப்பாங்க?"