சூரியன் மேல் ஒரு கறை

பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டையில் ஜன்னல்களை அடைத்து இருட்டாக்கிய அறை. சலவைக்காரி பச்சையம்மாள் வெளுத்த துணியைச் சூரியனைப் பார்க்கத் துரைமார் சுவரில் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். ஜன்னல் ஓட்டையில் செருகிய தூரக்கண்ணாடி வழியாக வரும் வெயில், துணியில் உள்ளங்கை அளவு வட்டமாக விழுகிறது. வட்டத்துக்குள் மிளகுபோல் ஒரு கரும்புள்ளி. கறையைக் கண்டால் கோட்டை வெளுப்பை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அவள் எச்சில் தொட்டுத் தேய்க்கிறாள். புள்ளி அவள் நகத்தில் ஏறிக்கொள்கிறது. “இன்னாம்மே, சூரியனையே வெளுக்கப் போறியா? அந்தக் கறை அவன் மேல கீது” என்று துபாஷி கோதண்டம் சிரிக்கிறான். அவள் கையைப் புரட்டிப் பிடிக்கிறாள். அண்ணாந்து பார்க்க முடியாத முகம் உள்ளங்கையில் சாதுவாகக் கிடக்கிறது. விளிம்பு மட்டும் கொதிக்கும் உலைநீர்போல் நடுங்குகிறது. “என் துணில இல்லியே சாமி?” “இல்ல.” “அப்போ இருந்துட்டுப் போவட்டும். அழகாத்தான் கீது.”