கடலுக்குப் போனவரின் தட்டு

"உசுரோட கீற மனுசனுக்குப் படையல் போடறியாமே நீ?"

வாசற்படியில் கால் வைக்கும்போதே மலர் கேட்டுவிட்டாள். திருவொற்றியூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்த வெயில் அவள் முகத்தில் இன்னும் ஆறவில்லை.

கூடத்தில் மூன்று தட்டுகள். ஒன்று தம்பி மனைவி மங்கைக்கு. இன்னொன்று தம்பி மகள் அம்முவுக்கு. மூன்றாவது, தம்பி குமாரவேலுடையது. அவனோ விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போய் எட்டு நாளாகிறது. ஆள் இல்லாத தட்டில் சோறும் சங்கரா மீன் குழம்பும் ஆவி பறக்க இருந்தன. பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர்.

இறந்தவர்களுக்குத்தானே இப்படி வைப்பார்கள்? தம்பி நல்லபடியாகக் கரை திரும்ப வேண்டுமே என்று மலர் மனதுக்குள் வேண்டிக்கொண்டாள்.

"வாங்க அண்ணி. கை கழுவிட்டு உக்காருங்க," என்றாள் மங்கை.

"மொதல்ல அந்தத் தட்ட எடு."

"படையல் இல்ல அண்ணி. ஆள் வந்து சாப்பிடுவாரு."

"அதையுந்தான் கேள்விப்பட்டேன். புருசன் கடலுக்குப் போனா, தெனம் ஒரு லாரிக்காரன் வந்து துன்னுட்டுப் போறானாம். காசிமேடு வரைக்கும் பேச்சு நாறுது."

மங்கைக்குக் கோபம் வரவில்லை.

"உங்க தம்பி போட்ட சட்டந்தான் அண்ணி. போன புயல்ல படகு ஆந்திராக் கரையில ஒதுங்கிச்சே, அப்போ ஆறு நாளு யாரோ ஒருத்தர் வூட்லதான் சாப்ட்டாரு. திரும்பி வந்ததும், நம்ம வூடு எப்படி இருக்கணும்னு ரெண்டு பேரும் உக்காந்து பேசினோம். மத்தியானம் ஒரு மணிக்கு டிவி இல்ல, போன் இல்ல, எல்லாரும் ஒண்ணாச் சாப்பிடணும். அவரு கடல்ல இருந்தா, அவரு தட்டு பசியோட நிக்கற வெளியூர்க்காரருக்கு. அதுக்குன்னே குப்பத்த வுட்டுட்டு இந்த ரோட்டு மேல வூடு பாத்தோம்."

வெளியே எண்ணூர் விரைவுச் சாலையில், துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருந்த கண்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நின்றன. சில நாள்களில் வரிசை நகரவே நகராது. ஓட்டுநர்கள் வண்டியை விட்டு அதிக தூரம் போகவும் முடியாது.

"கதவ சாத்தறதே இல்ல அத்த," என்றாள் அம்மு. "வர்றவங்க அவங்க ஊர்க் கதை ஒண்ணு சொல்லணும். ஒரு ராஜஸ்தான்காரரு நம்ம கருவாட்டப் பாத்து ஓடியே பூட்டாரு."

மலருக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள். வந்த வேகத்தில் தோற்றுப்போக மனம் இடம் கொடுக்கவில்லை.

"எங்க வூட்டுக்காரருந்தான் டிரெய்லர் லாரி ஓட்றாரு. இதே ரோட்லதான் காத்துகினு கெடக்கறாரு. நான் கட்டிக் குடுக்கறதத் துன்னுவாரு, இல்லாட்டி பட்டினி கெடப்பாரு. அடுத்தவன் வாசல்ல போய் நிக்க மாட்டாரு. மானஸ்தன்னா அப்படி இருக்கணும்."

அம்மு ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். மங்கை அவசரமாக ஒரு மீன் துண்டை ஊட்டி அந்த வாயை அடைத்தாள்.

"இன்னிக்கு எவன் வரான்னு பாத்துட்டுத்தான் போவேன். என் தம்பி எடத்துல உக்கார இன்னா தகிரியம் அவனுக்கு."

வெளியே யாரோ செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டது. மலர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றாள்.

"தங்கச்சி, இன்னிக்கும் நான்தான். கோச்சுக்காத," என்றது வாசலில் ஒரு குரல். "மலர் கட்டிக் குடுத்தத வழக்கம்போல பின்னாடி வண்டி பீகார்காரருக்குக் குடுத்துட்டேன். பாஷை தெரியாம, இங்க வரக் கூச்சப்படறாரு மனுசன். உங்க அண்ணி கைல மட்டும் சொல்லிடாத, என்னை வூட்ல சேக்க மாட்டா."

தலையைக் குனிந்து உள்ளே வந்த ஜெகதீசன், எதிரே நின்ற மனைவியைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

மலர் செருகிய முந்தானையை மெல்ல எடுத்துவிட்டாள். தம்பியின் தட்டைக் கணவர் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னாயா முழிக்கறே? உக்காரு. நாளையிலேர்ந்து ரெண்டு டப்பாவாக் கட்டறேன். ஒண்ணாவது உனக்கு மிஞ்சுதான்னு பாப்போம்."