பிரிந்து போகும் உரிமை

பேராசிரியை கட்டுரையை வாசித்து முடித்ததும் சர்வதேசச் சட்ட மாநாட்டு அரங்கம் கைதட்டியது. ஆனால் மூன்றாவது வரிசையில் அந்த இளம் ஆய்வாளர் கையைத் தூக்கியதைப் பார்த்ததும் அவர் அவசர அவசரமாகக் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். காலையில் தன் கட்டுரையைப் படித்துவிட்டு, மற்றவர்களைக் கேள்வியால் துளைத்தெடுத்தவள் அவள்.

“மேடம், ஒரு சின்னப் பகுதி பெரிய நாட்டுலேருந்து சண்டை சச்சரவில்லாம பிரிஞ்சு போக ஆசைப்படுது. பெரிய நாடு தடுக்கலாமா?”

“தடுக்கவே கூடாது.” கட்டுரையே அதைப் பற்றித்தான்.

“நாலு பேர் என்ன சொல்வாங்கன்னு பெரிய நாடு அழுதா?”

“அதெல்லாம் சட்டத்துல செல்லாது.”

“சாப்பிடாம குப்புறப் படுத்துக்கிட்டா?”

பேராசிரியை தண்ணீர் குடித்தார். “அதுவும்... செல்லாது.”

“ரொம்ப நன்றி, அத்தை. ஞாயித்துக்கிழமை நாங்க தனிக்குடித்தனம் போறோம். இத்தனை சட்ட நிபுணர்களும் சாட்சி!”

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

பேராசிரியை மைக்கை இறுகப் பிடித்தார். “தாராளமா போ. ஆனா சர்ச்சைக்குரிய பகுதி எங்கிட்டதான் இருக்கும். முப்பது வருஷம் சோறு போட்டு வளர்த்தவ நான்.”

“கல்யாணத்தன்னைக்கே அது கைமாறிடுச்சு, அத்தை!”

அமர்வின் தலைவி மேசையைத் தட்டினார். “அப்போ வாக்கெடுப்புதான் ஒரே வழி. சர்ச்சைக்குரிய பகுதி இங்க வந்திருக்கா?”

எல்லாத் தலைகளும் திரும்பின. ஒரு தோளில் அம்மாவின் கைப்பையும் மறு தோளில் மனைவியின் கைப்பையுமாகக் கதவை நோக்கிப் பூனைபோல் நகர்ந்துகொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

“நான் நடுநிலை நாடுங்க!” என்று அலறினார்.