ஒலிபெருக்கியில் ஓர் இருமல்
டார்ம்ஸ்டாட்டில் புதிதாகத் திறந்திருக்கும் தளபாடக் கடையொன்றின் முற்றத்தில், பலகை மேடையில் நின்று அல்வின் டாகெட் பாடுகிறார். வானொலிக்காரர்கள் ஒருநாளும் மதிக்காத, கறுப்பின அமெரிக்கரின் 'சோல்' இசை பாடும் பாடகர். ஆனால் கீழே சனத்தோடு நிற்கும் யூட்சனுக்கு, அகதி முகாமில் இருந்த காலத்தில் துணையிருந்தது அந்தக் குரல்தான். இரண்டாம் சரணத்துக்கு முன்னால் அவர் லேசாக இருமுவதை இசைத்தட்டில் வெட்டாமல் அப்படியே விட்டிருந்தார்கள். அந்த இடம் வரும்போதெல்லாம் அறைக்குள் இன்னொரு மனிதன் இருப்பது போலிருக்கும். அந்த மனிதனை நேரில் பார்க்கத்தான் மனைவி பிளோறன்ஸையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறான். பிற்பகல் வெயிலில் கிழவரின் ஊதாக் கோட்டு முழங்கையில் தேய்ந்து மினுங்குகிறது. சனம் சொசேஜைக் கடித்தபடி கட்டில் பார்க்கப் போகிறது. முதல் சரணம் முடிய, டாகெட் கைக்குட்டையால் கழுத்தைத் துடைக்கிறார். உதடுகள் இறுக மூடியிருக்கின்றன. ஒலிபெருக்கி இருமுகிறது. அதே இருமல், இசைத்தட்டில் உள்ளது; கிழவர் இவ்வளவு நேரமும் வாயை மட்டும் அசைத்திருக்கிறார். மேடையிலிருந்து கிழவரின் பார்வை இறங்கி, யூட்சன் நெஞ்சோடு அணைத்திருக்கும் பழைய இசைத்தட்டு உறையில் விழுந்து, மெல்ல அவன் முகத்துக்கு ஏறி, அங்கேயே நிற்கிறது.

"இஞ்சேருங்கோ, அந்த மனுசன் வாயே திறக்கேல்ல. ஆர் இருமினது?" என்கிறாள் பிளோறன்ஸ்.

"நான்தான். காலமை துவக்கம் தொண்டை சரியில்லை," என்கிறான் யூட்சன். பிறகு, மேடைக்கும் கேட்கட்டுமென்று, இன்னொரு தரம் பலமாக இருமுகிறான்.